பல்லவி யாருடைய மொழியில்?

2024 அக்டோபர் 18 அன்று, கொரியாவின் பிளாக்பிங்க் குழுவைச் சேர்ந்த ரோஸேயும் புரூனோ மார்ஸும் சேர்ந்து பாடிய சிங்கிள் ஒன்று வெளியானது. தலைப்பு 'ஏபிடி'. எழுத்தில் மூன்று ஆங்கில எழுத்தும் ஒரு புள்ளியும். கொரியர் வாயில் 'அப்பாத்து', அதாவது அடுக்குமாடிக் குடியிருப்பு. மூன்று நிமிடத்துக்கும் குறைவான பாட்டு. குடிக்கக் கூடியவர்கள், அடுத்து வருவது யாருக்குப் பிடித்த விளையாட்டு என்று பேர் சொல்லி அறிவிக்கும் கொரியக் கூவலோடு அது தொடங்குகிறது. பின்னாலேயே 'அப்பாத்து' என்ற ஒரே சொல் திரும்பத் திரும்ப வருகிறது. சரணங்கள் எல்லாம் ஆங்கிலம். ஹவாயில் பிறந்து வளர்ந்த அமெரிக்கரான புரூனோ மார்ஸ் கொரியப் பல்லவியைத் தானும் பாடுகிறார். கோப்பையை உயர்த்தும்போது கொரியர் சொல்லும் 'கொன்பே'யையும் இடையில் சொல்கிறார். பில்போர்டின் உலகத் தரவரிசையில் பாட்டு பல வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்கத் தரவரிசையான ஹாட் 100இல் எட்டாமிடத்தில் நுழைந்து 2025 தொடக்கத்தில் மூன்றாமிடம் வரை ஏறியது. பிரிட்டனில் இரண்டாமிடம். ரோஸே வளர்ந்த ஆஸ்திரேலியாவில் முதலிடம்.

இருமொழிப் பாட்டு ஒன்று வெற்றி பெற்றால் 'பண்பாடுகளின் சந்திப்பு' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவது பத்திரிகை வழக்கம். சந்திப்பு நடக்கத்தான் செய்கிறது. ஆனால் பாப் பாட்டில் எல்லா இடமும் சரிசமமான இடமில்லை. பல்லவி கேட்பவர் வாயில் ஒட்டிக்கொள்ளும் இடம். சரணம் கதை சொல்லும் இடம். ராப் பகுதி பாடுபவர் தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம். ஒரு மொழிக்கு இதில் எது கிடைக்கிறது, யார் யாருடைய மொழியைப் பொருள் தெரியாமலே உருப்போட வேண்டியிருக்கிறது என்ற இரண்டு கேள்விகளோடு பார்த்தால், கொரியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான பாட்டுறவின் வரலாறு வேறுவிதமாகத் தெரிகிறது.

உருப்போடும் வேலை முதலில் கொரியர் தலையில்தான் விழுந்தது. கொரியப் போர் ஓய்ந்த காலத்தில் தென் கொரியாவில் அமெரிக்கப் படைமுகாம்கள் ஏராளம்; வீரர்களை மகிழ்விக்கப் பாட்டும் ஆட்டமும் வேண்டியிருந்தது. 1935இல் வந்த 'மோக்போவின் கண்ணீர்' பாட்டால் நாடறிந்த பாடகி லீ நான்-யங் அப்போது வறுமையில் இருந்தார். கணவர், இசையமைப்பாளர் கிம் ஹே-சோங், போரில் வடக்கே கொண்டுபோகப்பட்டுவிட்டார். தன் மகள்களில் இருவரையும் அண்ணன் மகளையும் சேர்த்து லீ ஒரு குழு அமைத்தார். அதுதான் கிம் சகோதரிகள். சிறுமிகளுக்கு ஆங்கிலம் தெரியாது. அமெரிக்க இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒலியை ஒலியாகவே மனப்பாடம் செய்து மேடையேறினார்கள். வீரர்கள் கொடுத்த சாக்லேட்டும் விஸ்கியும் கள்ளச்சந்தையில் அரிசியாக மாறின. 1959இல் அவர்கள் லாஸ் வேகஸ் போனார்கள். எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் 20 தடவைக்கு மேல் தோன்றினார்கள். கொரியாவிலிருந்து போய் அமெரிக்காவில் பேர் வாங்கிய முதல் பெண்கள் குழு இது. அவர்கள் பாடிய ஆங்கிலத்துக்குப் பின்னால் பசி இருந்தது. இப்போதைய கே-பாப் நிறுவனங்களின் பயிற்சிக்கூடங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர் இந்த முன்கதையைத் தவிர்த்துவிடுவது எனக்குப் புரிவதில்லை.

ஐம்பது ஆண்டு கழித்தும் பாதை பெரிதாக மாறியிருக்கவில்லை. 2008இல் கொரியாவைக் கலக்கிய 'நோபடி' பாட்டை வொண்டர் கேர்ள்ஸ் குழு ஆங்கிலத்தில் மறுபடி பாடியது. ஜோனாஸ் பிரதர்ஸ் நிகழ்ச்சிகளில் முதலில் மேடையேறும் கலைஞர்களாக அமெரிக்கா முழுக்கச் சுற்றியது. 2009 அக்டோபரில் ஹாட் 100இல் 76ஆம் இடத்தைத் தொட்டது. ஒரு கொரியக் குழு அந்தப் பட்டியலில் நுழைந்தது அதுவே முதல் தடவை. இத்தனை பாடுபட்டு 76. மூன்று ஆண்டில், ஆங்கிலப் பதிப்பு எதுவும் இல்லாமல், சை பாடிய 'கங்னம் ஸ்டைல்' ஏழு வாரம் இரண்டாமிடத்தில் நின்றது. முதலிடத்தை மரூன் 5 விட்டுக்கொடுக்கவில்லை, காரணம் வானொலி. அன்றைய ஹாட் 100 கணக்கில் யூடியூப் பார்வைகள் சேரவில்லை, அமெரிக்க வானொலி நிலையங்களோ ஆங்கிலம் அல்லாத பாட்டை ஓரளவுக்கு மேல் போடவில்லை. 2013 பிப்ரவரியில் பில்போர்டு யூடியூபைக் கணக்கில் சேர்த்தபோது சையின் அலை ஓய்ந்திருந்தது.

அந்த வானொலிச் சுவர்தான் கூட்டுப் பாட்டு என்ற வடிவத்தை வளர்த்தது. பிடிஎஸ் குழுவின் 'லைஃப் கோஸ் ஆன்' 2020 டிசம்பரில் ஹாட் 100இல் முதலிடத்திலேயே நுழைந்தது. பெரும்பாலும் கொரியத்தில் அமைந்த ஒரு பாட்டுக்கு அந்த இடம் கிடைத்தது அதுவே முதன்முறை. ரசிகர்கள் விலைகொடுத்து வாங்கியதாலும் இணையத்தில் கேட்டதாலும் வந்த வெற்றி அது. வானொலி ஏறக்குறைய தொடவேயில்லை. மறுவாரம் பாட்டு 28ஆம் இடத்துக்கு இறங்கிவிட்டது. அதே குழு அதே ஆண்டு முழுக்க ஆங்கிலத்தில் பாடிய 'டைனமைட்' வானொலியில் மாதக்கணக்கில் ஓடியது. வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். முழுக் கொரியம் என்றால் ஒரு வார வெளிச்சம். முழு ஆங்கிலம் என்றால் ஊரில் முணுமுணுப்பு. நடுவழி, ஆங்கிலம் பாடும் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துவது.

பக்கத்தில் நிறுத்தப்படுபவர் எப்படித் தேர்வாகிறார் என்பதில் கலை ஈர்ப்பைவிட ஒப்பந்தக் காகிதம் அதிகம் பேசும். பிளாக்பிங்க் குழு 2018 அக்டோபரில் அமெரிக்காவின் இன்டர்ஸ்கோப் நிறுவனத்தோடு கைகோத்தது. 2020 மே மாதம் லேடி காகாவோடு 'சோர் கேண்டி', ஆகஸ்டில் செலீனா கோமஸோடு 'ஐஸ் கிரீம்'. இரண்டு அமெரிக்கப் பாடகிகளும் இன்டர்ஸ்கோப்காரர்கள். ரோஸே 2024 ஜூனில் பிளாக் லேபிள் நிறுவனத்தில் சேர்ந்து, செப்டம்பரில் அட்லாண்டிக் நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்தார். அடுத்த மாதம் 'ஏபிடி'. புரூனோ மார்ஸ் பல ஆண்டுகளாக அட்லாண்டிக்கில் இருப்பவர். இதைச் சொல்வதால் பாட்டின் மதிப்பு குறைந்துவிடாது. நட்பு எந்த அலுவலகத்தில் அரும்பியது என்பதும் வரலாறுதான்.

அந்தக் கூட்டுப் பாட்டுகளில் கொரியத்துக்குக் கிடைத்த இடத்தைக் கவனியுங்கள். 'ஐஸ் கிரீம்' ஏறக்குறைய முழுதும் ஆங்கிலம். பிளாக்பிங்க்கின் லிசா பாடும் ராப்பில் மட்டும் கொஞ்சம் கொரியம். 'சோர் கேண்டி'யில் சில வரிகள். 2018இல் டுவா லிபாவும் பிளாக்பிங்க்கும் சேர்ந்த 'கிஸ் அண்ட் மேக் அப்' இன்னும் கொஞ்சம் தாராளமாக நடந்துகொண்டது. மூன்றிலும் பொதுவான ஒழுங்கு ஒன்று உண்டு: பல்லவி ஆங்கிலத்துக்கு, கொரியத்தைப் பாடும் வேலை கொரியப் பக்கத்தாருக்கு. மேற்கத்தியப் பாடகி கொரியச் சொல்லை வாயில் போட்டுப் பார்க்கும் அவசியமே எழவில்லை.

'மை யூனிவர்ஸ்' இந்த ஒழுங்கின் மிகச் சிறந்த விளைவு. கோல்ட்ப்ளேயும் பிடிஎஸ்ஸும் சேர்ந்து 2021 செப்டம்பர் 24 அன்று வெளியிட்ட பாட்டு. தயாரிப்பு மேக்ஸ் மார்ட்டின். தொற்றுக் காலத்துக் கெடுபிடிகளுக்கு நடுவில் கோல்ட்ப்ளேயின் பாடகர் கிறிஸ் மார்ட்டின் சியோலுக்கே விமானம் ஏறிப்போய்ப் பதிவில் உட்கார்ந்தார். பிடிஎஸ்ஸின் ஆர்எம், சுகா, ஜே-ஹோப் மூவரும் எழுத்தில் பங்கேற்றார்கள். தலைப்பும் பல்லவியின் முதுகெலும்பும் ஆங்கிலம். கொரியம் வரும் இடங்களோ வெறும் அலங்காரமில்லை. இருட்டும் நீண்ட நிழலும் தந்த ஆறுதல், இப்போதைய சோதனை கொஞ்ச காலத்துக்குத்தான் என்ற தேற்றல், எல்லாம் கொரியத்தில்தான் சொல்லப்படுகின்றன. ஊரடங்கில் அடைந்து கிடந்த ஆண்டில் அந்தப் பகுதியே பாட்டின் நெஞ்சு என்று நான் நினைக்கிறேன். கொரியம் தெரியாதவர் அதை மொழிபெயர்ப்பு பார்த்துத்தான் அறிய முடியும், லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள். பாட்டு ஹாட் 100இல் முதலிடத்தில் நுழைந்தது. கோல்ட்ப்ளேவுக்கு 2008இன் 'விவா லா விடா'வுக்குப் பிறகு அங்கே கிடைத்த முதலிடம் அதுதான். ஆக 2021இன் பங்கீடு இப்படி: ஆங்கிலம் ஒட்டிக்கொள்ளும், கொரியம் பொருள் சொல்லும், கொரியத்தைக் கொரியர் பாடுவார்கள்.

'ஏபிடி' இந்தப் பங்கீட்டைத் தலைகீழாக்கியது. யாரும் திட்டமிட்டுச் செய்த மாதிரி தெரியவில்லை. ரோஸே பேட்டிகளில் சொன்ன கதைப்படி, பாட்டு எழுதும் கூடத்தில் ஒருநாள் இடைவேளையில் உடனிருந்தவர்களுக்குத் தனக்குப் பிடித்த கொரியக் குடிவிளையாட்டைச் சொல்லிக்கொடுத்தார். எல்லாரும் அந்தக் கூவலையே பிடித்துக்கொண்டார்கள். அதிலிருந்து பாட்டு கிளம்பியது. பிறகு ரோஸேவுக்கே தயக்கம். குடிவிளையாட்டை வைத்துப் பாட்டா என்று கூச்சப்பட்டு, பதிவைக் கைப்பேசிகளிலிருந்து அழித்துவிடச் சொல்லியிருக்கிறார். கூட இருந்தவர்கள் விடவில்லை. பின்னர் புரூனோ மார்ஸுக்கு மூன்று பாட்டுகளை அனுப்பியபோது அவர் எடுத்துக்கொண்டது இதைத்தான். கொரியர் கூச்சப்பட்டதை அமெரிக்கர்கள் விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்ட இந்த இடம் முக்கியமானது. வெளிநாட்டுக்குப் போகும் பாட்டில் எந்தக் கொரியத்தைக் காட்டலாம் என்ற தணிக்கை, பெரும்பாலும் கொரியப் பக்கத்திலேயே நடந்துவந்தது.

விளையாட்டு எளிது. வட்டமாக உட்கார்ந்து, 'அப்பாத்து, அப்பாத்து' என்று கையை ஆட்டிக் கூவுவார்கள். பிறகு எல்லாரும் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவார்கள்; ஐந்து பேர் என்றால் பத்து மாடி. நடத்துபவர் ஓர் எண்ணைச் சொல்வார். அடியிலிருக்கும் கை உருவப்பட்டு மேலே வரும், ஒன்றாம் மாடி. அடுத்த கை, இரண்டாம் மாடி. சொன்ன எண்ணில் யாருடைய கை வருகிறதோ அவர் குடிக்க வேண்டும். திறமை எதுவும் வேண்டாம், அதிர்ஷ்டம்தான். குடித்தவருக்கும் புரியும். கல்லூரியில் சேர்ந்த புதிதில் மாணவர்கள் கற்றுக்கொள்ளும் இப்படிப்பட்ட விளையாட்டுகள் கொரியாவில் பத்து இருபது உண்டு.

இந்தக் கூவல் ஏன் எந்த நாட்டு வாயிலும் உட்காருகிறது என்பதற்கு ஒலியில் விடை இருக்கிறது. ஆங்கிலத்தில் 'அபார்ட்மென்ட்' என்ற அந்தச் சொல்லின் அழுத்தம் இரண்டாம் அசையில் விழும். மற்ற அசைகள் தேய்ந்துவிடும், முடிவில் மெய்யெழுத்துகள் நெரிசலாக நிற்கும். கொரியம் அதை மூன்று அசையாக நறுக்கியது. மூன்றும் உயிரில் முடிகின்றன, மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே எடை. இரண்டாவது அசையும் மூன்றாவது அசையும் மூச்சு வெடிக்கும் வல்லினத்தில் தொடங்குகின்றன. சொல்லைச் சொன்னாலே தாளம் தட்டிய மாதிரி இருக்கும். கடைசி உயிர் ஆங்கிலக்காரருக்குச் சிரமம், ஏனென்றால் உதட்டைக் குவிக்காமல் சொல்ல வேண்டிய உகரம் அது. தமிழருக்குச் சிரமமே இல்லை. 'பாட்டு', 'காற்று' என்று நாம் முடிக்கும் குற்றியலுகரத்தின் ஒலி கிட்டத்தட்ட அதுதான். நாம் அதை அரை மாத்திரையில் விழுங்குகிறோம், கொரியர் முழு அளவு கொடுக்கிறார்கள், வித்தியாசம் அவ்வளவே. உயிரில் முடிவதால் சொல்லை நிறுத்தாமல் சுழலவிடலாம். பல்லவிக்கு இதைவிட என்ன வேண்டும்?

சொல் மட்டும் போதாது, அதை விளையாட்டாக்கிய வாழ்க்கையும் வேண்டும். தென் கொரியாவில் அடுக்குமாடி என்பது அரசு முன்னின்று வளர்த்த வாழ்முறை. 1962இல் சியோலின் மாப்போ பகுதியில் முதல் பெரிய குடியிருப்பு வளாகம் திறக்கப்பட்டது. பார்க் சுங்-ஹீயின் ராணுவ ஆட்சி அதை நவீன வாழ்வின் மாதிரியாகக் காட்டியது. 1970 ஏப்ரலில் அவசரமாகக் கட்டப்பட்ட வாவ் குடியிருப்பு இடிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்படியும் கட்டுவது நிற்கவில்லை. ஹான் ஆற்றின் தெற்கே கங்னம் எழுந்தது. இன்று நாட்டின் வீடுகளில் நூற்றுக்கு அறுபதுக்கும் மேல் அடுக்குமாடி வீடுகள். பிரெஞ்சுப் புவியியலாளர் வலேரி ஷெலெசோ இதை ஆராய்ந்து எழுதிய நூல் 2007இல் கொரியத்தில் வந்தபோது, 'அடுக்குமாடிக் குடியரசு' என்பதே தலைப்பு. இப்போது அது நாளிதழ் வழக்காகிவிட்டது. ஆங்கிலத்தில் அந்தச் சொல் வாடகைக் குடித்தனத்தை நினைவூட்டும். கொரியத்தில் அது சேமிப்பு, கடன், பிள்ளையின் பள்ளி, கல்யாணத் தகுதி எல்லாம். மாடிமேல் மாடியாகக் கையை அடுக்கி, யார் எந்த மாடியில் மாட்டுகிறார் என்று பார்த்துச் சிரிக்கும் விளையாட்டு இப்படிப்பட்ட நாட்டில்தான் பிறக்கும். பாட்டின் ஆங்கிலச் சரணங்களில் இது எதுவும் இல்லை. அங்கே நடப்பது வழக்கமான காதல் அழைப்பும் கொண்டாட்டமும்தான்.

ஊரில் பாட்டு எப்படி எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதும் சுவையானது. 2024 நவம்பர் 14 அன்று கல்லூரி நுழைவுத் தேர்வு. தேர்வு நேரத்தில் மூளையில் சுழன்று தொல்லை தரும் பாட்டுகளை மாணவர்கள் 'தேர்வுத் தடைப் பாட்டு' என்று ஒதுக்கிவைப்பார்கள். ஷைனி குழுவின் 'ரிங் டிங் டாங்' அந்தப் பட்டியலில் நெடுநாள் இருப்பது. 'ஏபிடி' வெளியான ஒரு மாதத்துக்குள் அதில் சேர்ந்துவிட்டது. டிசம்பர் 3 இரவு அன்றைய அதிபர் யூன் சுக்-யோல் ராணுவச் சட்டத்தை அறிவித்த பிறகு, அவரைப் பதவிநீக்கம் செய்யக் கோரி நாடாளுமன்றத்தின் முன் கூடியவர்கள் கே-பாப் ரசிகர்களின் விளக்குக்கோல்களோடு வந்தார்கள். அங்கே ஒலித்த பாட்டுகளில் இதுவும் உண்டு. காதல் பாட்டு அரசியல் கூட்டத்தில் பொருந்தாது. கூட்டமாகக் கூவத் தோதான சொல் எங்கேயும் பொருந்தும்.

புரூனோ மார்ஸ் இந்தக் கொண்டாட்டத்தை முழுமனதோடு ஏற்றார். டேனியல் ராமோஸோடு சேர்ந்து காணொளியை அவரே இயக்கினார்: இளஞ்சிவப்புப் பின்னணி, ஒரு மேளத் தொகுதி, தோல் சட்டை போட்ட இருவர், அவர் கையில் கொரியக் கொடி. நவம்பர் 22 அன்று ஒசாகாவில் நடந்த 'மாமா' என்ற கே-பாப் விருது விழாவில் ரோஸேயோடு மேடையேறினார். கொரியத் தொலைக்காட்சியின் வாராந்தர இசை நிகழ்ச்சியில் பாட்டு முதலிடம் பெற்றபோது, புதுமுகப் பாடகர் கண்கலங்குவதுபோலச் சமூக ஊடகத்தில் வேடிக்கை செய்தார். கிம் சகோதரிகள் எட் சல்லிவன் மேடையில் தங்களை நிரூபிக்க வேண்டியிருந்தது. கிராமி விருதுகளை அள்ளிய அமெரிக்கர் ஒருவர் கொரிய நிகழ்ச்சியின் கோப்பைக்கு ஏங்குவதுபோல் நடிக்க முடிகிறது. நடிப்பதால் அவருக்கு லாபமும் இருக்கிறது. உருப்போடும் வேலை கை மாறியிருப்பது உண்மை. ஆனால் சிறுமிகள் பாட்டு முழுதையும் உருப்போட்டார்கள், இவர் சில சொற்களை. அவர்களுக்கு அது அரிசி, இவருக்கு அது குறும்பு.

அப்படியானால் கொரியம் வென்றுவிட்டதா? எனக்குத் தயக்கம் இருக்கிறது. பல்லவி என்ற பெரிய இடத்தைக் கொரியம் பிடித்தது சரி. அதற்குக் கொடுத்த விலை பொருள். 'மை யூனிவர்ஸ்' கேட்டவர் மொழிபெயர்ப்பு தேடினார். 'ஏபிடி' கேட்பவருக்குத் தேட எதுவும் இல்லை. கொரியம் இங்கே எதையும் சொல்வதில்லை, தட்டுகிறது. மொழிப்பற்றுள்ள கொரியர் ஒருவர் இதில் குறைப்பட்டுக்கொண்டால் அவரைக் குறுகிய மனத்தவர் என்று தள்ள மாட்டேன்.

அவருக்குச் சொல்ல ஒரு பதிலும் உண்டு. கொரியப் பாட்டில் ஆங்கிலம் பல காலமாகச் செய்துவந்த வேலையும் இதுதான். 1990களிலிருந்து கொரியப் பாட்டுகளின் பல்லவியில் ஆங்கிலத் துண்டுகள் வந்து விழுந்தபடி இருந்தன. அவை அமெரிக்கரை நோக்கியவை அல்ல. அமெரிக்கர் கேட்கவும் இல்லை. மொழியியலாளர் ஜேமி ஷின்ஹீ லீ 2004இல் எழுதிய ஆய்வு, அந்த ஆங்கிலக் கலப்பைக் கொரிய இளைஞர்களின் தன்னிலைப் பிரகடனமாகவும், மூத்தோர் ஒழுங்கை எதிர்க்கும் குரலாகவும் படித்தது. இலக்கணம் பார்த்தால் தேறாத அந்த ஆங்கிலத்துக்கு மினுக்கு இருந்தது, சுதந்திரத்தின் வாசம் இருந்தது, பொருள் இரண்டாம் பட்சம். அதே சலுகை இப்போது கொரியத்துக்கு, அமெரிக்க வானொலியில். ஒரு மொழி பொருளுக்காக மட்டுமல்லாமல் ஒலியின் கவர்ச்சிக்காகவும் அன்னியரால் விரும்பப்படுவது, உலக மொழிகளுக்கு மட்டுமே வாய்த்த சொகுசு. அதைப் பெருமை என்று எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதோடு நின்றுவிட்டால் இழப்பு.

அதோடு நிற்கவில்லை என்பதற்கு 2025 ஓர் அடையாளம் தந்தது. 'கே-பாப் டெமன் ஹண்டர்ஸ்' படத்தின் 'கோல்டன்' பாட்டு ஹாட் 100இல் எட்டு வாரம் முதலிடத்தில் இருந்தது. அதில் கொரியத் தொடர்கள் ஆங்கில வாக்கியத்தின் நடுவிலேயே, பாட்டு உச்சத்துக்கு ஏறும் இடத்தில் வருகின்றன. என்றைக்கும் உடையாத என்ற பொருளில் வரும் தொடரை விட்டுவிட்டால் வாக்கியமே நொண்டும். அமெரிக்கக் குழந்தைகள் அதையும் பாடினார்கள். பாடிய மூவரும் கொரிய அமெரிக்கர்கள் என்பதால் அதைக் கூட்டுப் பாட்டு என்று சொல்ல முடியாது. இரண்டு மொழியும் ஒரே நாவில் குடியிருக்கிறவர்கள் அவர்கள். யோசித்தால் ரோஸேயும் அப்படித்தான். ஆக்லாந்தில் பிறந்து, மெல்போர்னில் வளர்ந்து, 2012இல் சிட்னியில் நடந்த குரல்தேர்வில் தேறிச் சியோலுக்குப் போனவர். 'ஏபிடி'யின் ஆங்கிலமும் கொரியமும் அவருக்குச் சொந்தம். வெளியே நின்று கற்றவர் மார்ஸ் ஒருவரே.

மொழிப் பங்கீட்டை விட்டுப் பணப் பங்கீட்டுக்கு வந்தால் படம் இன்னும் கூர்மையாகும். 'ஏபிடி'யின் எழுத்தாளர் பட்டியலில் பதினோரு பெயர்கள் உள்ளன. கொரியப் பெயர் ஒன்றே ஒன்று: ரோஸேயுடையது, பார்க் சே-யங். பட்டியலில் இரண்டு பெயர்கள், பாட்டு எழுதப்பட்ட கூடத்தில் கால் வைக்காதவர்கள்: மைக் சாப்மன், நிக்கி சின். டோனி பேசில் பாடி 1982 டிசம்பரில் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'மிக்கி' பாட்டின் சாயல் 'ஏபிடி'யில் இருப்பதால் அவர்களுக்குப் பங்கு. 1979இல் ரேசி என்ற பிரிட்டிஷ் குழுவுக்காக 'கிட்டி' என்ற பேரில் அவர்கள் எழுதிய பாட்டைத்தான் பேசில் பெண் குரலுக்கு மாற்றிப் பாடினார்.

அதே 1982இல் கொரியாவில் யூன் சூ-இல் 'அப்பாத்து' என்ற பாட்டைப் பாடினார். அமெரிக்கப் படைவீரர் ஒருவரின் மகனாகக் கொரியாவில் பிறந்தவர் அவர். அழைப்புமணி ஒலியோடு தொடங்கி, காதலி போய்விட்ட வெற்று வீட்டைப் பாடும் அந்தப் பாட்டு, பேஸ்பால் மைதானங்களில் நாற்பது ஆண்டாக முழங்கிவருகிறது. 'ஏபிடி' வந்ததும் ஊரார் பழைய பாட்டையும் தேடிக் கேட்டார்கள். யூன் மறுபடி செய்திகளில் வந்தார், புதிய பாட்டை வாழ்த்தினார். தலைப்புச் சொல் ஒன்றாக இருப்பதால் உரிமை எதுவும் எழாது, அது நியாயம்தான்.

விளையாட்டின் கூவலுக்கு உரிமையாளரே இல்லை. எந்தக் கல்லூரியில், எந்தக் கடை மேசையில் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாத பொதுச்சொத்து அது; சட்டத்தின் கண்ணுக்குத் தெரிவது மெட்டும் வரியும் மட்டுமே. இது கொரியாவுக்கு மட்டும் நேர்ந்ததில்லை. 'மிக்கி'யை உலகறியச் செய்த தொடக்கக் கூவலும் 'கிட்டி'யில் கிடையாது. லாஸ் வேகஸில் பள்ளி நாளில் விளையாட்டு அணிக்கு ஆரவாரம் எழுப்பும் குழுவுக்குத் தலைமை தாங்கிய டோனி பேசில், அந்தப் பழக்கத்திலிருந்து தானே சேர்த்தது. அந்தப் பாட்டின் எழுத்தாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. 'ஏபிடி'யின் பட்டியலிலும் இல்லை.